பின்முற்றம் மட்டம் செய்த பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, பணிக்குழுவின் வணக்கம்.

நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த பின்முற்ற வேலை முடிந்தது. வேலை முடிந்த பிறகு ஒரு நல்ல மழையும் பெய்துவிட்டது. மழை விடும் முன்பே குழுவில் மூன்று பேர் டார்ச் விளக்கோடு போய்ச் சுவரோரம் நின்றோம். சுவரடியில் கிடந்த ஒரு காய்ந்த இலை மெல்ல நகர்ந்து, முற்றத்தைக் கடந்து, எதிர்முனை வாய்க்காலில் போய் விழுந்தது. இத்தனை வருடம் அஸ்திவாரத்தை நனைத்துக்கொண்டு தேங்கி நின்ற தண்ணீர் இப்போது நிற்கவில்லை. ஒரு மூலையில் மட்டும் குறை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில், முற்றம் ஏன் தட்டுப் போலச் சமமாக இல்லை என்று கேட்டவர்களுக்குப் பதில். சமமாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் செய்தோம். மண்தரைக்கு வாட்டம் வேண்டும். சுவரிலிருந்து வாய்க்கால் வரை 30 மீட்டர். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வீதம், மொத்தம் 30 சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்திருக்கிறோம். நடக்கும்போது காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

டிராக்டர் உள்ளே வருவதற்கு முன்பு அளவெடுக்கவே நாள்கள் போயின. அந்தத் தாமதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 50 மீட்டருக்கு 30 மீட்டர் உள்ள இடத்தில் 5 மீட்டருக்கு ஒன்றாக 77 முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய், இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்து மட்டம் பார்ப்பது) பிடித்துக் குறித்தோம். முதல் நாள் எடுத்த அளவு அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. குழாய்க்குள் பயறு அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி நின்றிருந்தது. குமிழி இருந்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் பொய்மட்டம் காட்டும். குழாயை மறுபடி நிரப்பி, குமிழி போகும்வரை தட்டித் தட்டி விட்டு, முதலிலிருந்து அளந்தோம். அளந்த பிறகுதான் தெரிந்தது, நாம் எல்லோரும் பள்ளம் என்று நினைத்திருந்த நடுப்பகுதி பள்ளமே இல்லை. சுவரிலிருந்து நான்கு எட்டில் இருந்த இடம்தான் முற்றத்திலேயே தாழ்வு.

இந்த அளவு ஏன் அவ்வளவு முக்கியம்? 1,500 சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் உயரம் என்றால் 15 கன மீட்டர் மண். 3 கன மீட்டர் பிடிக்கும் டிரெய்லரில் அது ஐந்து நடை. ஒரு விரல் உயரத்தைக் கண்மதிப்பில் தவறவிட்டால் ஐந்து நடை மண் மிஞ்சும் அல்லது குறையும். மேட்டில் வெட்டுகிற மண்ணே பள்ளத்துக்குப் போதும்படி உயரத்தை நிர்ணயித்ததால், வெளியிலிருந்து மண் வாங்க வேண்டி வரவில்லை.

அப்புறம் வேலை. பூமிக்கடியில் போகும் குழாய்களைச் சுண்ணாம்பால் குறித்தோம். வெட்டவும் நிரப்பவும் வேண்டிய இடங்களில் 10 சென்டிமீட்டர் மேல்மண்ணைச் சுரண்டித் தனியாகக் குவித்தோம். புல் பிடிப்பது அந்த மண்ணில்தான். அடிமண்ணை மேலே விட்டால் பல வருடம் வெறும் தரையாகவே கிடக்கும். மண்ணைக் கிளறும் கல்டிவேட்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி இறுகிய மேடுகளை இளக்கிய பிறகு, பாக்ஸ் பிளேடை மாட்டினோம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணை வெட்டி இழுக்கும், பற்கள் வைத்த இரும்புப் பெட்டி அது.

இங்கே நாங்கள் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். முதல் ஒன்றரை நாள் ஓட்டியதில் தரை மட்டமாவதற்குப் பதிலாக அலை அலையாக எழுந்தது. பிளேடு பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது. முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் டிராக்டரின் மூக்கு தூக்கும், பிளேடு கீழே அழுந்தி மண்ணைத் தோண்டும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடு மேலே எழும்பி, இழுத்து வந்த மண்ணைக் கொட்டிவிடும். அதே தடத்தில் மறுபடி போனால் அலை இன்னும் பெரிதாகும். நாங்களோ அதே தடத்தில்தான் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னோம். டிரைவர் மேல் குறை இல்லை, சொன்னது நாங்கள்.

வழி மூன்று விதமாகக் கிடைத்தது. போன தடத்துக்குக் குறுக்காக, மூலைவிட்டமாக ஓட்டினோம். வேகத்தைக் குறைத்து, ஒரு தடவைக்கு இரண்டு விரல் கனத்துக்கு மேல் வெட்டாமல் பார்த்துக்கொண்டோம். பெட்டியின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் திருகு தண்டான டாப் லிங்கின் நீளத்தையும் மாற்றினோம். அதைச் சுருக்கினால் பெட்டி முன்னால் சாய்ந்து பற்கள் தோண்டும், நீட்டினால் பின்விளிம்பு தரையில் படிந்து மண்ணைத் தடவிவிடும். வெட்டும்போது சுருக்கம், முடிக்கும்போது நீட்டம். இதைத் திருகிப் பார்த்துப் பழகவே அரை நாள் ஆனது, அந்த அரை நாள் வீண் இல்லை.

கடைசி மெருகு பிளேடால் வந்ததல்ல. இரண்டு நீள இரும்புச் சட்டங்களை முன்னும் பின்னுமாகச் சங்கிலியில் கட்டி, பரம்படிப்பது போல இழுத்தோம். கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கில் மாட்டாததால் டிராக்டரின் ஆட்டம் சட்டத்துக்குப் போகவில்லை. அது மேட்டுக்கு மேடு பாலம் போலப் படுத்து, உச்சியை மட்டும் சீவிப் பள்ளத்தில் விட்டது. நான்காவது சுற்றில் அலை போய்விட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு.

நிரப்பிய இடங்களில் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு படுகையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ரோலர் விட்டு இறுக்கினோம். மண்ணின் ஈரத்தைக் கையால் பார்த்தோம். பிடித்த உருண்டை இடுப்புயரத்திலிருந்து விழுந்து உடைந்தால் சரியான பதம், அப்பிக்கொண்டால் அன்று வேலை கிடையாது. அப்படி இரண்டு நாள் நிறுத்தி வைத்தோம். ஈரமண்ணில் சக்கரம் ஏறினால் அடிமண் கல்லாக இறுகி, தண்ணீர் இறங்காமல் போகும்.

மரத்தடி வட்டம் மட்டும் ஏன் மேடு பள்ளமாகவே இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். வேண்டுமென்றே விட்டது. மரம் உண்ணும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடிக்குள்தான் இருக்கின்றன. அங்கே வெட்டினால் வேர் அறும், மண்ணை ஏற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அந்த மரத்தின் நிழலை இழந்து கிடைக்கும் மட்டம் நமக்கு வேண்டாம் என்று குழுவில் எல்லோரும் ஒருமனதாக நின்றோம்.

வேலை நடந்த நாள்களில் பிள்ளைகளை முற்றத்துப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்ட வீட்டாருக்கு நன்றி. யாருக்கும் கீறல்கூட இல்லை. வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.

இனி அந்த மூலை. வாய்க்காலுக்கு இடப்புறம், அதிகமாக நிரப்பிய இடம், மழைக்குப் பிறகு ஒரு சாண் அகலத்துக்கு அமுங்கியிருக்கிறது. டிராக்டர் திரும்ப இடமில்லாததால் அங்கே ரோலர் போகவில்லை, திமிசுக் கட்டையால் கையால் இடித்தோம், அது போதவில்லை. மேல்மண்ணில் கொஞ்சம் குவியல் மிச்சம் வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு மழை பெய்து மண் படிந்த பிறகு அதைக் கொண்டு நிரப்புவோம். அதுவரை முற்றத்தில் வண்டி நிறுத்த வேண்டாம். நான்கு மூலை முளைக்குச்சிகளையும் பிடுங்கிவிட வேண்டாம், மறுபடி டியூப் லெவல் பிடிக்க அவைதான் ஆதாரம்.