எக்கோ கிளிக்குக் கூட்டுப்பெட்டி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ரசீதுப் புத்தகத்தோடு போனால் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: "அந்தக் கிளியைத்தான் காப்பாற்றியாகிவிட்டதே, இன்னும் எதற்குப் பணம்?"

நியாயமான கேள்விதான். 1980களில் மொரிஷியஸ் காட்டில் எக்கோ கிளிகள் பத்துப் பன்னிரண்டே மிஞ்சியிருந்தன. இன்று எழுநூறுக்கு மேல். ரொட்ரிக்ஸ், ரீயூனியன் தீவுகளின் கிளிகள் எப்போதோ அழிந்தன. இந்துமாக்கடலின் இந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரிய கிளிகளில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஆனால் அந்த எழுநூறும் ஆள்பலத்தில் நிற்கிற கணக்கு. எக்கோ கிளி கிழமரப் பொந்தில்தான் முட்டையிடும். டச்சுக்காரர்கள் கருங்காலியை வெட்டினார்கள். மிச்சத்தைக் கரும்பு விழுங்கியது. அந்தக் கரும்புக்காகத்தான் நம் முன்னோரும் கப்பலேறி வந்தார்கள். நல்ல நிலையில் உள்ள, இம்மண்ணுக்கே உரிய காடு இப்போது தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. அதையும் வெளியிலிருந்து வந்து புதராக மண்டும் சீனக்கொய்யா நெரிக்கிறது. கொய்யாக் காலத்தில் வாளியோடு காட்டுக்குக் கிளம்பும் நாம் அதைப் பகையாக நினைப்பதே இல்லை!

பொந்து இல்லாத இடத்தில் கிளி கூடு வைக்க மரத்தில் பெட்டி கட்டுகிறார்கள். பெட்டை மட்டுமே அடைகாக்கும். ஆண் கூட்டருகே வந்து குரல் கொடுத்தால் பெட்டை பறந்து போய் அதன் அலகிலிருந்து இரை வாங்கிக்கொண்டு திரும்பும். அந்த மூன்று வாரமும் எலியும் குரங்கும் ஏறாமல் பார்க்க வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு கூட்டில் வளரும் ஒருவகை ஈயின் புழுக்கள் இரவில் அதன் இரத்தத்தை உறிஞ்சும். அடியில் போட்ட மரத்தூளை மாற்றி மருந்திட வேண்டும்.

போட்டியும் உண்டு. மீனாட்சி கையில் நாம் பார்த்துப் பழகிய பச்சைக்கிளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்து, பெருகி, அதே பொந்துகளைக் கேட்கிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிது: வந்த கிளியில் ஆண் பெண் இரண்டுக்கும் சிவப்பு அலகு; எக்கோ பெட்டைக்கு அலகு முழுக்கக் கறுப்பு, பச்சையும் அடர்த்தி. 2005 வாக்கில் கிளிகளின் அலகையும் இறகையும் சிதைக்கும் தொற்றான அலகு-இறகு நோய் பரவியதிலிருந்து, ஒரு கூட்டைத் தொட்ட கை அடுத்த கூட்டைத் தொடுமுன் கிருமிநாசினி போட்டாக வேண்டும். இதெல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவு.

எனவே கேட்கிறோம். புதுப் பெட்டிகளுக்கு மரப்பலகை, இற்றுப்போன பெட்டிகளுக்கு மாற்று, மரமேறும் கயிறு, எலி ஏறாமல் அடிமரத்தில் சுற்ற வழுக்குத் தகடு, கிருமிநாசினி ஆகியவை வேண்டும். பறவைகள் செப்டம்பரில் பொந்து தேடத் தொடங்கிவிடும். பணம் ஜூலைக்குள் கைக்கு வந்தால்தான் பெட்டி நேரத்துக்கு மரமேறும். சிறு தொகையென்று தயங்க வேண்டாம். பொருளாளரிடம் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். தச்சுவேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உளியோடு வந்தால் அதையும் நன்கொடையாகவே எழுதிக்கொள்வோம். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கூட்டுப்பெட்டி நன்கொடைக் குழுவினர்