"நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?": போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும், ஞானஸ்நான வகுப்பும் திடப்படுத்தல் வகுப்பும் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

ஒரு விசுவாசி உங்களிடம் வந்து, "ஐயா, விட்டுவிட்டதாக நினைத்த பாவத்திலேயே மறுபடியும் விழுந்துவிட்டேன். நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?" என்று கேட்கிறார். அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் இதுதான்: இன்னும் ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள், வேதம் வாசிப்பதை விடாதீர்கள். நல்ல ஆலோசனைதான், ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. தேவனுக்கு முன்பாகத் தன் நிலை என்ன என்று அவர் கேட்டார். நடையைச் சீர்ப்படுத்தும் வழி அவருக்குச் சொல்லப்பட்டது. நீதிமானாக்கப்படுதலை, அதாவது தேவன் ஒருவனை நீதிமான் என்று தீர்ப்பதைப் பற்றிய கேள்விக்கு, பரிசுத்தமாகுதலை, அதாவது அவன் வாழ்க்கை படிப்படியாகச் சீர்ப்படுவதைப் பற்றிய பதிலைக் கொடுத்து அனுப்புகிறோம். "நான் தேறினால்தான் தேவன் என்னை ஏற்றுக்கொள்வார்" என்ற முடிவோடு அவர் வீடு திரும்புகிறார். சுவிசேஷக் கூட்டத்தில் உள்ளபடியே வரச்சொல்லி அழைக்கப்பட்டவரும் இதே மனிதர்தான்.

நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்பு. நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கவேண்டும் என்கிறது உபாகமம் 25:1. நீதிமொழிகள் 17:15 இன்னும் கடுமையானது: துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன். இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு ரோமர் 4:5-க்கு வந்தால் தூக்கிவாரிப்போடும். அங்கே தேவனையே "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்று அழைக்கிறார் பவுல். எந்த நியாயாதிபதியும் செய்யக்கூடாது என்று விலக்கியதைத் தேவனே செய்கிறாரா? அதற்கான விடையை ரோமர் 3:25, 26-லேயே பவுல் கொடுத்துவிட்டார். குற்றம் கண்டுகொள்ளாமல் விடப்படவில்லை, சிலுவையில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது. அதனால் தேவன் நீதியுள்ளவராக இருந்துகொண்டே பாவியை நீதிமானாக்க முடிகிறது. இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் கிறிஸ்துவின் பலி. நம்முடைய வளர்ச்சி அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்று ஆதியாகமம் 15:6 சொல்கிறது. விருத்தசேதனம் அதற்குப் பிறகு, 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. பவுல் ரோமர் 4-இல் இந்த வரிசையை வைத்தே வாதாடுகிறார். நம் பிரசங்கங்கள் சட்டென்று தாண்டிப்போகும் இடங்களும் உண்டு. 16-ஆம் அதிகாரத்தில் வாக்குத்தத்தத்துக்குக் காத்திருக்காமல் ஆகாரின் மூலம் பிள்ளை பெறுகிறார். 20-இல் கேராரில் சாராளைத் தன் சகோதரி என்று சொல்கிறார், அதுவும் எகிப்தில் ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு! ஆனாலும் 15:6-இல் எழுதப்பட்ட தீர்ப்பு எங்கேயும் ரத்துசெய்யப்படவில்லை. அதே மனிதர் 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கோடு மோரியா மலை ஏறுகிறார். யாக்கோபு தன் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் இந்த மலையைக் காட்டி, விசுவாசம் கிரியைகளினாலே பூரணப்பட்டது என்கிறார்; ஆதியாகமம் 15:6 அங்கே நிறைவேறியது என்றும் சொல்கிறார். பவுலும் யாக்கோபும் மோதிக்கொள்வதாகச் சிலர் பயப்படுகிறார்கள். என் பார்வையில் ஒருவர் தீர்ப்பு எழுதப்பட்ட நாளையும், மற்றவர் அந்தத் தீர்ப்பைப் பெற்ற விசுவாசம் உயிருள்ளதென்று வெளிப்பட்ட நாளையும் பார்க்கிறார்கள். நடுவில் பல வருடங்கள், சறுக்கல்களோடு. அந்த வருடங்களுக்குப் பெயர்தான் பரிசுத்தமாகுதல்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், அங்கும் பிழை நடக்கிறது. தீர்ப்பு உறுதியாகிவிட்டது, இனி எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை என்ற தொனியில் சிலர் கிருபையைப் பிரசங்கிக்கிறார்கள். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா, கூடாதே என்கிற ரோமர் 6 அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. எபிரெயர் 12:14-ம் "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கொரிந்து சபையைப் பாருங்கள். கட்சி பிரிந்தார்கள், வழக்காடினார்கள், கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்தில் குடித்து வெறித்தார்கள். அவர்களையே பவுல் "கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்" என்று விளித்து மடலைத் தொடங்குகிறார். ஐந்தாம் அதிகாரத்திலோ தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தவனைச் சபையை விட்டு விலக்கச் சொல்கிறார். அவருக்கு இரண்டும் ஒரே மடலில் அடங்கியது. நமக்குத்தான் கிருபைக்கு ஒரு கூட்டம், கண்டிப்புக்கு இன்னொரு கூட்டம் தேவைப்படுகிறது.

சபை வரலாறு இந்த இடத்தில் எளிதாக இருந்ததில்லை. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதன் பரிசுத்தமாகிப் புதுப்பிக்கப்படுவதும் அதில் அடங்கும் என்று அறிவித்தது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் இரண்டையும் வேறுபடுத்தினார்கள். ஆனால் அவர்களில் ஒருவரான கால்வின் அவற்றை இரட்டைக் கிருபை என்றார்; கிறிஸ்துவைப் பெற்றவனுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன, ஒன்றை மட்டும் பிய்த்தெடுக்க முடியாது என்றார். பூரண பரிசுத்தத்தை அவ்வளவு வற்புறுத்திய, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லிகூட, தேவன் தம் குமாரன் மூலம் நமக்காகச் செய்வது ஒன்று, தம் ஆவியினால் நமக்குள் செய்வது மற்றொன்று என்று பிரித்தே போதித்தார். கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இதுபற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இல் அதில் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாக அந்த அறிக்கையே சொல்லவில்லை. கிருபையே முதலில் வருகிறது, நம் தகுதி அல்ல என்பதிலாவது எல்லோரும் ஒன்றுபட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஞானஸ்நான வகுப்பில் ரோமர் 4-ஐயும் 6-ஐயும் ஒரே வாரத்தில் நடத்துங்கள்; நடுவில் இடைவெளி விட்டால் பாதிப்பேர் பாதியோடு நின்றுவிடுவார்கள். "பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்" என்ற எபிரெயர் 10:14-ஐ மனப்பாட வசனமாகக் கொடுங்கள். முடிந்துபோன காரியமும் நடந்துகொண்டிருக்கிற காரியமும் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன. விழுந்தவர் உங்கள் வாசலுக்கு வரும்போது, அவர் விசுவாசம் யார்மேல் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது கிறிஸ்துவின்மேல் இருந்தால், கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிற ரோமர் 8:1-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். "ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு" என்று அங்கே இருப்பதைக் கண்டு அவர் மறுபடியும் பயந்தால், அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனம்வரை கூட்டிக்கொண்டு போங்கள்: "தேவனே அவர்களை நீதிமான்களாக்குகிறவர்." உபவாசத்தைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த ஒரு சபை அங்கத்தினர்