கேள்வி நோட்டு பற்றிப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, பேச்சுப்போட்டி, கண்காட்சி எல்லாவற்றிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

நான்காம் வகுப்பின் கேள்வி நோட்டு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வாரம் ஒரு கேள்வி, பிள்ளையே எழுத வேண்டும், பதில் தேவையில்லை என்று சொல்லியிருந்தோம். சென்ற வாரம் எல்லா நோட்டுகளையும் படித்தேன். "எறும்பு எப்படி வழி தப்பாம போகுது?" என்று ஒரு சிறுமி பென்சிலில் கேட்டிருந்தாள். அதன் கீழே பெரியவர் கையெழுத்தில் ஒரு பக்கப் பதில். செல்போனைப் பார்த்து எழுதியது. தவறில்லை, ஆனால் அதிலிருந்த 'பெரோமோன்' என்ற சொல்லை அவளால் வாசிக்கவே முடியவில்லை. வராந்தாவுக்கு அழைத்துப்போய், எறும்புச் சாரையின் குறுக்கே ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். வந்த எறும்புகள் அங்கேயே நின்று தடுமாறின. "அதுங்க போட்ட கோட்டை அழிச்சிட்டேனா சார்?" என்றாள். ஆமாம்மா, அது வாசனைக் கோடு என்றேன். பெரோமோன் என்பது அந்த வாசனைப் பொருள்தான்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பாருங்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1921-ல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று யோசித்தார். வானத்தின் நீலம்தான் நீரில் தெரிகிறது என்று ஆங்கிலேய விஞ்ஞானி ரேலே சொல்லியிருந்தார். ராமன் அதோடு விடவில்லை. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கும் சிறு பட்டகம் வழியாகப் பார்த்தார், நீலம் போகவில்லை. அந்தத் தேடல்தான் 1928-ல் ராமன் விளைவில் (ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவது) கொண்டுபோய் விட்டது.

இன்னொரு நோட்டில், "பல்லி வால் அறுந்தும் ஏன் துடிக்குது?" என்ற கேள்வி அடிக்கப்பட்டு, 'பரீட்சைக்கு வருவதை எழுது' என்றிருந்தது. அதன்பின் மூன்று வாரமாக அந்தப் பையன் ஒன்றுமே எழுதவில்லை. இதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளையின் கேள்வியை யாரும் அடிக்கக் கூடாது. அந்த நோட்டில் பெரியவர்கள் எழுதவும் கூடாது. (அறுந்த வாலிலுள்ள நரம்புகள் கொஞ்ச நேரம் தாமாகவே இயங்கும். எதிரி அதைப் பார்த்திருக்க, பல்லி தப்பிவிடும். அவனிடம் சொல்லிவிட்டேன்.)

வேலை முடித்துக் களைத்து வருகிறீர்கள், எனக்குத் தெரியும். "எனக்கும் தெரியலடா, ஞாயித்துக்கிழமை சேர்ந்து பார்ப்போம்" என்றால் போதும். பிள்ளை கேட்டதற்காகத் தகர டப்பாவில் தொட்டாற்சிணுங்கி கொண்டுவந்து தந்த தந்தைக்கு மனமார்ந்த நன்றி. செடி வகுப்பு ஜன்னலில் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு அதற்கு ஓய்வே இல்லை. நோட்டுகள் திங்கட்கிழமை வீட்டுக்கு வரும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்