எழுதியவர் கையில் இருக்கும் உரிமை

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகள் திருநெல்வேலியிலேயே தங்கி, நகை அடகுக்கடைகளுக்கான வட்டிக் கணக்கு மென்பொருள் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்தபோது, விடுதி அறையில் ஒரே கணினியின் முன் நாம் இருவரும் முறை வைத்து அமர்ந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. யாரேனும் இதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டால் என்ன செய்வது, முன்கூட்டியே காப்புரிமை வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் நீ கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பேட்டன்ட், காப்பிரைட் இரண்டையுமே நம் ஊரில் காப்புரிமை என்று சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. இதில் பேட்டன்டை மறந்துவிடு. வணிக முறையையும், வெறும் கணினி நிரலையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை என்று பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(கே) சொல்கிறது. அவளுக்குத் துணை நிற்பது காப்பிரைட், அதாவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான். அது கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது. எனவே நிரலை எழுதிய அப்போதே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், பின்னாளில் வழக்கென்று வந்தால் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும் என்பதால் அதைச் செய்துவிடுவது நல்லது. 2021இல் விதிகளைத் திருத்திய பிறகு, நிரலாளர் எழுதிய வடிவிலான மூல நிரலின் முதல் பத்துப் பக்கங்களையும் கடைசிப் பத்துப் பக்கங்களையும் எதையும் மறைக்காமல் கொடுத்தால் போதும்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை மட்டுமே, யோசனையை அல்ல. அடகுக்கடைக்காரருக்கு மென்பொருள் வேண்டும் என்று கண்டுகொண்டது உன் மகளின் கூர்மை என்றாலும், அதே தேவையைப் பார்த்து வேறொருவர் தம் கையால் புதிதாக எழுதினால் அவரைத் தடுக்க இயலாது. ஜாவா என்ற நிரல் மொழியில், கட்டளைகளைப் பெயரிட்டு அழைக்க உதவும் அறிவிப்பு வரிகளில் ஏறத்தாழ 11,500ஐ ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் எடுத்துக்கொண்டது என்று, ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனம் 2010இல் தொடுத்த வழக்கு, 2021 ஏப்ரலில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அது அனுமதி பெறாமலே செய்யத்தக்க நியாயமான பயன்பாடே என்று ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் எதிர்ப்புறமும் நின்று தீர்ப்பளித்தார்கள். அவ்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்விக்கோ, உண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லி, முடிவு கூறாமல் விட்டுவிட்டார்கள். அத்தனை பெரிய நிறுவனங்களுக்கே பத்தாண்டுக்கு மேல் பிடித்த விவகாரம் இது. யோசனை திருடு போகுமோ என்று அவள் இரவில் விழித்திருக்க வேண்டாம் என்று சொல்.

அவள் விழித்திருக்க வேண்டிய இடம் வேறு. வெளியிலிருந்து இரண்டு இளைஞர்கள் பகுதி நேரமாக எழுதித் தருகிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்காக நாங்கள் செய்த கூலிக் கணக்கு மென்பொருள் உனக்குத் தெரியும். கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் பீஸ் ரேட் வேறுவேறு. வாரக் கடைசியில் சம்பளம் பட்டுவாடா செய்வதற்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். அதன் மையப் பகுதியை வெளியாள் ஒருவரிடம் எழுதி வாங்கினேன். நல்ல கை. பேசிய பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தேன். ஒரு தாளில்கூட எதையும் எழுதி வாங்கவில்லை. இரண்டாண்டு கழித்துப் போட்டி நிறுவனம் ஒன்றின் மென்பொருளை ஒரு வாடிக்கையாளர் காட்டினார். அறிக்கையின் தலைப்பில் நான் இட்டிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டு அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. நம்மிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் பணியின்போது எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 17 சொல்கிறது. வெளியாள் எழுதினால் உரிமை எழுதியவருடையதே. நான் கொடுத்த காசு அந்த நிரலைப் பயன்படுத்தும் அனுமதியைத்தான் வாங்கித் தந்திருந்தது. அந்த மனிதர் மேல் இன்று எனக்குக் கோபமில்லை. உழைத்து எழுதியவரின் பக்கம் சட்டம் நிற்பது சரியென்றே நினைக்கிறேன். அவரிடம் உரிமையைக் கேட்டு, அதற்கும் சேர்த்து விலை பேசாதது என் தவறு.

ஆகவே உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்கி, எழுதியவரின் கையொப்பமும் பெற வேண்டும். இதில் அதே சட்டத்தின் பிரிவு 19ஐக் கவனிக்கச் சொல். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். நாளை சிங்கப்பூரில் ஒரு கடைக்கு விற்கப் போகும்போது அந்த ஒற்றை வரி இல்லாமல் அவள் தவிக்கக் கூடாது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் ஓர் உட்பிரிவு உண்டு. அது பொருந்தாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அந்த இளைஞர்கள் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல்கள் எவை என்பதற்கும் ஒரு பட்டியல் வாங்கச் சொல். எவரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் வந்தது என்றால் உரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். எடுத்தவரும் அதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் உரிமத்து நிரலைத் தன் நிரலோடு பிணைத்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், தன் மூல நிரலையும் அதே உரிமத்தில் அவருக்குக் கொடுக்கக் கடமைப்படுவாள். தன் உழைப்புக்கு மரியாதை கேட்கிறவள் பிறர் உழைப்பின் நிபந்தனையையும் மதிக்க வேண்டும் அல்லவா?

என் வழக்கறிஞர் பின்னர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, அவள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும். இதுவரை எழுதி முடித்தவற்றுக்கும், பழைய தேதி போடாமல், கையொப்பமிடும் நாளின் தேதியிட்டே வாங்கலாம். அதற்கென்று தனியாக ஒரு தொகையும் கொடுக்கச் சொல். அடுத்த தவணைப் பணம் போவதற்கு முன்பே இதை முடித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்