பூணூல் மாத்தினா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆவணி அவிட்டம் வந்தா எல்லா பேப்பர்லயும் ஒரு போட்டோ வந்துடும், கோவில் மண்டபத்துலயோ குளத்தங்கரையிலயோ வரிசையா உக்காந்து பூணூல் மாத்திக்கறாங்க, கீழே ரெண்டு வரி செய்தி. இந்த வருஷம் உங்க பேப்பர்லயும் வந்தது. அதைப் பார்த்ததுலேர்ந்து மனசுல இருக்கறதை எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க சார்.

அன்னைக்கு நடக்கறது உபாகர்மா. வேதம் படிக்க ஆரம்பிக்கற நாள் அது, பூணூல் மாத்தறது அதுல ஒரு சின்ன பாகம்தான். தை மாசம் உத்ஸர்ஜனம் பண்ணி வேதத்தை நிறுத்தி வெச்சுட்டு வ்யாகரணம், ஜ்யோதிஷம் மாதிரி வேதத்துக்குத் துணையான அங்கங்களைப் படிக்கணும், ஆவணில திரும்ப வேதத்தை எடுக்கணும், பழைய ஏற்பாடு இதுதான். இப்ப உத்ஸர்ஜனம் பண்றவங்க ரொம்ப அபூர்வம், அந்த குறைக்கு பிராயச்சித்தமாத்தான் யஜுர்வேதக்காரங்க காலைல முதல்ல காமோகார்ஷீத் ஜபம் பண்றாங்க. ஹோமம் ஆனதும் வேதாரம்பம், வாத்தியார் நாலு வேதத்தோட முதல் மந்திரத்தையும் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்லணும். அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குள்ள ஒருத்தர் வாட்ச்சைப் பார்க்கறார், இன்னொருத்தர் ஆபீஸ் கால் வந்துடுச்சுன்னு எழுந்து போயிடறார். மறுநாள் காயத்ரி ஜபத்தோட மூட்டை கட்டி வெச்சா அப்புறம் அடுத்த ஆவணிதான். அக்னிக்கு முன்னாடி உக்காந்து படிக்க ஆரம்பிக்கறேன்னு சொல்லிட்டு வருஷா வருஷம் படிக்காம இருக்கோமே, இதைப் பத்தி ஏன் யாருமே வாயைத் திறக்கறதில்ல?

பிராமணனோட வேலை என்னன்னு சங்க காலத்துலயே தெளிவா சொல்லி வெச்சிருக்காங்க. ஓதல், ஓதுவித்தல், வேட்டல் (யாகம் பண்றது), வேட்பித்தல் (பண்ணி வைக்கறது), ஈதல், ஏற்றல்னு ஆறு. வள்ளுவரும் அறுதொழிலோர்னுதான் சொல்றார். இந்த ஆறுல எங்கேயாவது நான் உசத்தி நீ தாழ்த்தின்னு இருக்கா? எல்லாமே செய்ய வேண்டிய வேலை, அதுலயும் முதல் வேலை ஓதறது. அதை விட்டுட்டு ஜாதிப் பெருமையை மட்டும் வாட்ஸப்ல பேசிட்டு திரியறது எனக்குப் பிடிக்கவே பிடிக்கல. ஓதாதவனுக்கு அந்தப் பெருமை பேச என்ன பாத்தியதை இருக்கு?

ஓதறதுன்னா எவ்வளவு பெரிய விஷயம்னு நிறைய பேருக்குத் தெரியல. ஏழெட்டு வயசுல பூணூல் போட்டு பாடசாலைக்குப் போற பையன், கிருஷ்ண யஜுர்வேதம் தைத்திரீய சாகைன்னா (சாகைங்கறது வேதத்தோட ஒரு கிளை), 82 ப்ரச்னத்தை, அதாவது 82 பகுதியை, குருவோட வாயிலேர்ந்து காதால வாங்கி மனப்பாடம் பண்ணணும். குரு ஒரு தடவை சொல்ல இவன் ரெண்டு தடவை சொல்லுவான், அதுதான் சந்தை. ஸம்ஹிதை, அதாவது மூல மந்திரம், ஆனதும் பதம், க்ரமம், ஜடை, கனம்னு வார்த்தைகளைப் பிரிச்சும் கோத்தும் சொல்ற முறைகள் மேல மேல போகும். கனத்துல ஒண்ணு ரெண்டு, ரெண்டு ஒண்ணு, ஒண்ணு ரெண்டு மூணு, மூணு ரெண்டு ஒண்ணு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு பதங்களை முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி சொல்லணும், ஒரு எழுத்து தவறினாலும் ஒரு ஸ்வரம் ஏறி இறங்கினாலும் உடனே மாட்டிக்கும். எழுதி வைக்காம இத்தனை ஆயிரம் வருஷம் வேதம் மாறாம வந்ததுக்கு இதுதான் காரணம். யுனெஸ்கோ 2003ல வேதம் ஓதற மரபை உலகத்தோட பொக்கிஷம்னு அறிவிச்சாங்க, நாம கைதட்டிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டோம்.

இழந்தது எவ்வளவுன்னு பாருங்க. பதஞ்சலி தன்னோட இலக்கண நூலான மஹாபாஷ்யத்துல ரிக் 21, யஜுர் 101, சாமம் 1000, அதர்வம் 9ன்னு சாகைகளைக் கணக்கு சொல்றார், கூட்டினா 1131. இன்னைக்கு மிச்சம் இருக்கறது பத்துக்குப் பக்கமாத்தான். விழுப்புரம் மாவட்டத்துல இருக்கற எண்ணாயிரத்துல முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து கல்வெட்டு இருக்கு. அங்க நடந்த கல்லூரியில 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுருக்கு 75 பேர், தலவகார சாமத்துக்கு மட்டும் 20 பேர்னு பிரிச்சு கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க, மாணவனுக்கும் ஆசிரியருக்கும் தினம் இவ்வளவு நெல்லுன்னு உட்பட. அந்த தலவகார சாமம், அதாவது ஜைமினீய சாகை, தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் ஒட்டிட்டிருக்கு, முழுசா சொல்றவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். ஒரு ஊர்ல 20 பசங்க படிச்சது இப்ப இந்த கதி. ஒரு சாகையில கடைசியா சொல்லத் தெரிஞ்சவர் போயிட்டா அது போனதுதான், புஸ்தகம் இருந்தாலும் அந்த ஸ்வரமும் கானமும் எப்படித் திரும்ப வரும்?

பாடசாலையே இல்லைன்னு சொல்ல முடியாது. காஞ்சி மஹாபெரியவர் வாழ்நாள் பூரா இதுக்காகவே கெஞ்சினார், வேத ரக்ஷண நிதி டிரஸ்ட் அவர் ஆரம்பிச்சு வெச்சதுதான். மத்திய அரசும் உஜ்ஜயினியில இருக்கற சாந்தீபனி ப்ரதிஷ்டான்ங்கற வேதக் கல்வி அமைப்பு மூலமா உதவி பண்ணுது. ஆனா அங்க பசங்களை அனுப்பற குடும்பங்களைப் பாருங்க, பெரும்பாலும் கஷ்டப்படற வைதீகக் குடும்பங்கதான். வசதியா இருக்கறவங்க செக் எழுதிக் கொடுத்துட்டு புள்ளையை கோச்சிங் சென்டருக்கு அனுப்பறாங்க. ஓதறதுன்னு ஒரு கடமை இருக்கறப்ப அதை எப்படி சார் காசு கொடுத்து இன்னொரு வீட்டுப் புள்ளை தலையில கட்டறது?

படிச்சு வந்த பையனுக்கு நாம கொடுக்கற மரியாதையும் தெரிஞ்ச கதைதான். ஒரு கல்யாணத்துல பார்த்தேன், கனம் வரைக்கும் படிச்ச ரெண்டு கனபாடிகள் பாராயணம் பண்ணிட்டிருக்காங்க, அவங்களை மூலையில டைனிங் ஹால் வாசல்கிட்ட உக்கார வெச்சிருக்காங்க, பக்கத்துல ஸ்பீக்கர் அலறுது, கேக்க ஒரு ஆள் இல்ல. கேட்டரிங்குக்கு லட்சக்கணக்குல கொடுத்தவர் அவங்களுக்குக் கொடுக்கற சம்பாவனைக்கு பேரம் பேசறார். இதெல்லாம் பார்த்துட்டுத்தான் நல்லா அத்யயனம் (வேதப் படிப்பு) பண்ற பையன்கூட பாதியிலயே புரோகிதத்துக்குப் போயிடறான், அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். வைதீகத்துல இருக்கற பையனுக்குப் பொண்ணு கொடுக்கவும் யோசிக்கறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கறது நியாயம்தான், மாசம் நிலையான வருமானம் உண்டா, வைத்தியச் செலவுக்கு வழி உண்டான்னு. அதுக்கு பதில் சொல்ல வேண்டியது சமூகம். ஊர் ஊரா இருக்கற பிராமண சங்கங்க மாநாடு, ஷாமியானா, பொன்னாடைன்னு பண்ற செலவை வேதம் சொல்லிக் கொடுக்கற அத்யாபகர்களுக்கு மாச சம்பளமாவும் மெடிக்கல் இன்சூரன்ஸாவும் மாத்தினா எவ்வளவோ நிலைமை மாறும்.

வேற சமூகத்துல ஒருத்தர் சிரத்தையா படிக்கணும்னு வந்தா தடுக்கக் கூடாதுங்கறது என் அபிப்ராயம், ஒத்துக்காதவங்க இருப்பாங்க, இருக்கட்டும். எனக்கு ஆதங்கம் எல்லாம் பரம்பரையா பொறுப்பு வாங்கினவங்க விட்டுட்டு ஓடினதுதான். தேவாரம் பாடற ஓதுவார்களுக்கும் பிரபந்தம் சேவிக்கறவங்களுக்கும் இதே கஷ்டம் இருக்கு, அவங்களுக்கும் சேர்த்துத்தான் பேசறேன்.

எல்லாரும் வேலையை விட்டுட்டு பாடசாலைக்குப் போங்கன்னு சொல்லல. மூணு வேளை சந்தியாவந்தனம் பண்ணுங்க, தன் வேதம் எது சாகை எது சூத்திரம் எதுன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க, தினம் அரை மணி குரு முகமா ருத்ரம், சமகம், புருஷ சூக்தம்னு ஆரம்பிங்க, யூட்யூப் பார்த்து வேண்டாம், தப்பு சொன்னா திருத்த ஆள் வேணும். ரெண்டு மூணு புள்ளைங்க இருக்கற வீட்டுல ஒருத்தனுக்கு விருப்பம் இருந்தா முழு அத்யயனத்துக்கு அனுப்புங்க.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான் சார். பாடசாலைகள்ல பசங்களை சேர்க்கற சமயத்துல எந்த ஊர்ல எந்த சாகை சொல்லித் தர்றாங்க, எத்தனை வருஷம், யாரைப் பார்க்கணும்னு ஆன்மிகப் பக்கத்துல இலவசமா போடுங்க. விளம்பரம் கொடுக்கற அளவுக்கு அவங்க கையில பணம் இருக்காது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்