வழிபாட்டின் அருகே நிற்க இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பாலித் தீவில் நான் எடுத்த நிழற்படங்களைக் கிருஷ்ணகிரியில் மூன்று நாள்கள் காட்சிக்கு வைத்தபோது, வந்தவர்களில் பலர் கேமராவைப் பற்றியே கேட்டார்கள். யார் யார் இடம் கொடுத்ததால் அந்தப் படங்கள் கிடைத்தன என்பதை அங்கே நின்று சொல்ல முடியாமல் போனதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, உபுத் அருகே நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு. தென்னங்குருத்தோலையில் முடைந்த சிறு தட்டில் பூ வைத்து, 'சானாங் சாரி' எனப்படும் படையலை அவர் நாள்தோறும் வாசலிலும் வீட்டுக்கோயிலிலும் வைப்பார். முதல் நாள் நான் கேட்காமலே அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினேன். அவர் கோபிக்கவில்லை; ஊதுவத்தி ஏற்றித் தீர்த்தம் தெளித்து முடியும்வரை பொறுக்கும்படி கையைக் காட்டினார். மறுநாள் பக்கத்தில் உட்காரவைத்து, கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை எனப் பூ வைக்கும் முறையையும், அவை முறையே ஈசுவரர், பிரம்மா, மகாதேவர், விஷ்ணு ஆகியோருக்குரிய திசைகள் என்பதையும் விளக்கினார். அதன்பின் எடுத்த படங்களையே காட்சியில் வைத்தேன். முதல் நாள் படங்களை அழித்துவிட்டேன். (மஞ்சளுக்கு அங்கும் செண்டுமல்லிதான். படத்தைப் பார்த்த என் தாயார் முதலில் கேட்டது, அங்கே கிலோ என்ன விலை என்று.)

'சாரோங்' எனப்படும் இடுப்புத் துணியை எனக்குக் கட்டிவிட்டு, கும்பிடுவோர் முன் குறுக்கே நடக்கலாகாது, பூசகரைவிட உயரமான இடத்தில் ஏறி நிற்கலாகாது என்று சொல்லிக்கொடுத்த கார் ஓட்டுநருக்கும் கடமைப்பட்டுள்ளேன். மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் மலையை மேகம் மூடுமுன் நான் பார்த்தது, அவர் விடியுமுன் வந்து கதவைத் தட்டியதால்தான்.

ஜத்திலுவியின் படிக்கட்டு வயல்களில் தம் வரப்பில் நடக்கவிட்ட உழவருக்கும் நன்றி. நீர்க்கோயில் வழிபாட்டோடு பாசன முறையையும் சேர்த்து நடத்தும் 'சுபாக்' என்னும் உழவர் அமைப்பையும் அதன் வயல்களையும் 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்குழாய்க் கிணறு வற்றிய ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயிகள் அந்தப் படத்தின் முன்தான் நெடுநேரம் நின்றார்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று ஒரு பெரியவர் கேட்டார். அதை அங்கே நான் கேட்டு வராதது என் குறை.

கல்யாண வேலைகளுக்கு அழைத்துப்போய் எனக்கு வெளிச்சம் பார்க்கக் கற்றுத்தந்து, தம் லென்ஸையும் கொடுத்தனுப்பிய தருமபுரி ஸ்டுடியோ அண்ணனுக்கும், வாடகை வாங்க மறுத்த மண்டப உரிமையாளருக்கும், அச்சில் நிறம் பிசகிய படங்களை இரவோடிரவாக மறுபடி அச்சிடச் செய்து, மாம்பழப் பெட்டிகளில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்த நண்பர்களுக்கும் என் வணக்கம்.

படையல் படத்தின் பிரதியொன்றை உபுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை, அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டு.

நன்றியுடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நிழற்படக்காரன்