சூஜோவில் பிள்ளை பெறப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

எட்டாவது வாரம், வாந்தி நிற்கவில்லை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதென்றே புரியவில்லை என்று எழுதியிருந்தாய். வாந்திக்கு என்னிடம் மருந்தில்லை. ஆஸ்பத்திரிக்கும், அதன் பின்னால் வால் பிடித்து வரும் காகிதங்களுக்கும் வழி சொல்கிறேன். அதற்கு முன் உன் பாஸ்போர்ட்டையும் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பெயர்ப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார். சீனாவில் பிள்ளை பெறும் வெளிநாட்டுக்காரரை, அதிலும் தமிழரை, இழுத்தடிப்பது பெரும்பாலும் பெயர்தான்.

சீனர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. இரண்டு மூன்று எழுத்தில் வேலை முடிந்துவிடும். நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்தாக வேண்டும் என்பதால் ஒருவருக்கு அப்பா பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில் போயிருக்கும், இன்னொருவருக்கு ‘கிவன் நேம்’ கட்டத்திலேயே ஒட்டியிருக்கும், வேறொருவருக்கு சர்நேம் காலியாகவே கிடக்கும். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் இருப்பவர் இதை முன்பின்னாகத் தட்டுவார், இடைவெளி விடாமல் தட்டுவார், கட்டத்துக்குள் அடங்காவிட்டால் பாதியில் விட்டுவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அன்று தட்டியதுதான் ஏழு மாதம் கழித்துப் பிறப்புச் சான்றிதழின் ‘தாய்’ கட்டத்துக்கு வந்து சேரும். அதைப் பார்த்துத்தான் தூதரகம் எழுதும், அதைப் பார்த்துத்தான் குடிவரவுப் போலீஸ் எழுதும்.

ஆஸ்பத்திரியில் மூன்று வகை. ‘சான்ஜியா’ என்கிற முதல்தர அரசு மருத்துவமனையின் சாதாரணப் பிரிவு. அதே கட்டடத்தில் கூடுதல் கட்டணத்துக்கு இயங்கும் சிறப்புப் பிரிவு. முழுக்க ஆங்கிலத்தில் பேசும் தனியார் சர்வதேச ஆஸ்பத்திரி. முதலாவதில் கூட்டம் அதிகம், செலவு மிகக் குறைவு. மூன்றாவதில் பில் அதைப்போலப் பல மடங்கு. சிக்கலான பிரசவத்துக்குக் குறைமாதக் குழந்தைப் பிரிவும் ரத்த இருப்பும் வேண்டும். அவை பலமாக இருப்பது பெரிய அரசு மருத்துவமனைகளில்தான். அதனால் என் கை சிறப்புப் பிரிவை நோக்கித்தான் நீளும். தனியாரைத் தேர்ந்தெடுத்தால், அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடு. மாப்பிள்ளை கம்பெனியின் காப்பீட்டில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம் என்றும் பார்க்கச் சொல். பத்து, பன்னிரண்டு மாதம் போட்டிருப்பார்கள். கரு தரித்த பிறகு வாங்கும் பாலிசி இந்தப் பிரசவத்துக்கு உதவாது.

அரசு மருத்துவமனையில் எல்லாமே முன்பணம். ‘குவாஹாவ்’ என்கிற டோக்கன் எடுத்து, டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிய பரிசோதனைக்குப் போனிலேயே பணம் கட்டி, அதை முடித்து, முடிவோடு அதே டாக்டரிடம் திரும்பவேண்டும். வீசாட் செயலியில் டோக்கன் எடுக்கும் பக்கம் சில இடங்களில் பாஸ்போர்ட் எண்ணை ஏற்காது. அப்போது ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்டருக்குத்தான் போகவேண்டும். காலை முதல் வேளையிலேயே போய்விடு.

அடுத்தது ‘ஜியான்தாங்’. பிரசவம் இங்கேதான் என்று உன் பெயரில் கோப்பு திறப்பது. அது இல்லாமல் கட்டில் உறுதியில்லை. நல்ல ஆஸ்பத்திரிகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே 12 வாரம் முடியுமுன் பேசி முடி. இருவர் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, இதயத்துடிப்பு காட்டும் ஸ்கேன், சில இடங்களில் சீன மொழிபெயர்ப்போடு திருமணச் சான்றிதழ். கோப்பு திறந்ததும் ஒரு பிரதி அச்செடுத்துத் தரச்சொல்லி, பாஸ்போர்ட்டோடு வைத்து ஒப்பிடு. தவறு இருந்தால் திருத்தாமல் நகராதே. பிறந்த பிறகு திருத்துவது வேறு விஷயம்.

பரிசோதனைக் கணக்கு இது: கழுத்துப் பின்புறத் தடிப்பைப் பார்க்கும் என்டி ஸ்கேன் 11 முதல் 13 வாரம் 6 நாளுக்குள், ரத்தத்திலேயே குரோமோசோம் பார்க்கும் பரிசோதனை 12 முதல் 22 வாரம் 6 நாளுக்குள், உறுப்பு ஸ்கேன் 20 முதல் 24 வாரத்துக்குள், சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். ஸ்கேன் நாள் வாரக்கணக்கில் தள்ளிப்போகும், ஆகவே ஒன்று முடிந்த அன்றே அடுத்ததைப் பதிந்துவிடு.

சர்க்கரைப் பரிசோதனையில் நம் பெண்கள் அதிகம் மாட்டுவார்கள். முன்னிரவிலிருந்து எட்டு மணி நேரமாவது வெறும் வயிறு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கவேண்டும். வெறும் வயிற்றில், ஒரு மணியில், இரண்டு மணியில் என்று மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். 5.1, 10.0, 8.5 என்பவை வரம்பு. மூன்றில் ஒன்று எட்டினாலும் கர்ப்பகாலச் சர்க்கரை. நல்ல முடிவு வரட்டும் என்று முந்தின மூன்று நாள் சோற்றை நிறுத்திப் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. அது எதிராக வேலை செய்யும். மாவுச்சத்து இல்லாமல் பழகிய உடம்பு குளுக்கோஸை மெதுவாகத்தான் தீர்க்கும், அளவு பொய்யாக ஏறும். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போ.

அந்த 5.1 என்ன என்று ஊரில் உள்ள டாக்டரிடம் போனில் சொன்னால் அவர் விழிப்பார். அலகு வேறு. இங்கத்திய சர்க்கரை எண்ணை 18-ஆல் பெருக்கு: 5.1 என்பது ஊர்க் கணக்கில் 92, 10.0 என்பது 180, 8.5 என்பது 153. ஹீமோகுளோபின் இங்கே 110 என்றால் ஊரில் 11. பிறந்த பிறகு மஞ்சள் காமாலை அளவை 17-ஆல் வகு. இங்கே 204 என்பது அங்கே 12. குழந்தை எடையை ‘ஜின்’னில் சொல்வார்கள், ஒரு ஜின் அரைக் கிலோ. ‘ஆறு ஜின்’ என்று கேட்டு அம்மா மயங்கி விழவேண்டாம், மூன்று கிலோ.

உன் ரத்தப் பிரிவில் நெகட்டிவ் இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் பேசு. சீனர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவில்தான் நெகட்டிவ். ‘பாண்டா ரத்தம்’ என்றே பெயர். நம்மில் அது அத்தனை அபூர்வமில்லை. 28-வது வாரத்திலும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள்ளும் போடுகிற, தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி ஊரில் சாதாரணம். சீனப் பெருநிலத்து ஆஸ்பத்திரிகளில் அதை எளிதாக எதிர்பார்க்க முடியாது. ஹாங்காங் போய்ப் போட்டு வருபவர்கள் உண்டு. 27-வது வாரத்தில் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.

ஆணா பெண்ணா என்று கேட்காதே. மருத்துவக் காரணமின்றிச் சொல்வது ஊரைப்போலவே இங்கும் தடை. ஆகவே பெயர் இரண்டு வேண்டும்.

பிரசவ வலிக்கு முதுகில் போடும் மருந்தை ‘வூதோங்’ என்பார்கள். “உண்டா” என்று கேட்டால் உண்டு என்றுதான் பதில் வரும். “ராத்திரி இரண்டு மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா” என்று கேள். பிரசவ அறைக்குள் மாப்பிள்ளையை விடுவார்களா, எத்தனை பேர் தங்கலாம் என்பதையும் கேட்டுக்கொள். சாதாரண வார்டில் நர்ஸ் ஊசியும் மருந்தும் பார்ப்பார். துடைப்பது, தூக்கி உட்காரவைப்பது, சாப்பாடு கொடுப்பது வீட்டாள் வேலை. பெரிய விரிப்பு நாப்கின், ஃபிளாஸ்க், உறிஞ்சுகுழல், குழந்தைத் துணி எல்லாம் நீயே கொண்டுபோவது. வீட்டு முகவரியையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் சீன எழுத்தில் கதவுப் பின்புறம் ஒட்டிவை. ஆம்புலன்ஸ் 120. பனிக்குடம் உடைந்தால் படுத்தபடியே கூப்பிடு.

அம்மா வருவதற்குக் குடும்பத்தாருக்கான எஸ்2 விசா, 180 நாள் வரை. அழைப்புக் கடிதம், உன் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, உறவுக்குச் சான்று. சான்று உன் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் அம்மா பெயர் இனிஷியலோடோ, வீட்டில் கூப்பிடும் பெயராகவோ இருந்து, பாஸ்போர்ட்டில் விரிந்து இருந்தால் இப்போதே ஊரில் சரிசெய்யச் சொல். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு கட்டாயம்.

அம்மா பெட்டியில் நெய் வேண்டாம். பால் பொருள்கள் சுங்கத்தில் பறிபோகும். இங்கே உப்பில்லாத வெண்ணெய் வாங்கி உருக்கினால் தீர்ந்தது. முழு விதையாகத் தெரிகிற எதுவும் விதைத்தடையில் சிக்கக்கூடும். வெந்தயத்தைப் பொடியாகக் கொண்டுவரச் சொல். பூண்டு, இஞ்சி, மீனுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

பத்தியம் இவர்களுக்கும் உண்டு. ‘ஸுவோ யுவேஸி’, ஒரு மாதம். பச்சைத் தண்ணீர் கூடாது, காற்று படக்கூடாது, இஞ்சியும் சிவப்புச் சர்க்கரையும் போட்ட வெந்நீர், கெண்டை மீன் சூப். அம்மாவுக்குப் பாதி வேலை மிச்சம்! தாயையும் சேயையும் பார்த்துக்கொள்ள ‘யுவேசாவ்’ என்ற பெண்களை வைப்பார்கள். ஒப்பந்தத்தில் ‘மாதம்’ என்றால் பொதுவாக 26 நாள். இரவுப் பொறுப்பு யாருக்கு, சமையல் யாருக்கு என்பதை எழுதி வாங்கிக்கொள், இல்லாவிட்டால் ஒரே அடுப்பில் இரண்டு தளபதிகள். இரண்டு தளபதிகளுக்கும் சேர்த்து ஒரு கட்டளை: குழந்தைக்குத் தேனும் உரைமருந்தும் கிடையாது.

இனி பெயர். தொட்டில் போடும் நாள்வரை பொறுத்து, நட்சத்திர எழுத்து பார்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் இங்கே கொஞ்சம் இடிக்கும். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே குழந்தையின் பெயர் கேட்பார்கள். ஆங்கில எழுத்தில், சர்நேம் தனியாக, புள்ளியும் இனிஷியலும் இல்லாமல் தட்டச்சு செய்து கையில் வைத்திரு. சர்நேமைக் காலியாக விடாதே. அப்பா பெயரையாவது போடு. அச்சிடுமுன் திரையில் காட்டுவார்கள், ஒவ்வொரு எழுத்தாகப் படி. கைக்கு வந்த சான்றிதழின் துணைப்பக்கத்தைக் கிழிக்காதே. நம் ஊர்க் கைப்பழக்கத்தில் லேமினேட்டும் செய்துவிடாதே. முத்திரை வைக்க இடமிருக்காது.

பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் குழந்தைக்குச் சீனக் குடியுரிமை வராது. இந்தியக் குடியுரிமைக்கு ஓராண்டுக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதியவேண்டும். ஆனால் உனக்கு ஓராண்டெல்லாம் கிடையாது. பிறந்த 60 நாளுக்குள் சான்றிதழோடு உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் குழந்தையைப் பதியவேண்டும் என்பது சீனச் சட்டம். தவறினால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். அந்த 60 நாளுக்குள்தான் மொழிபெயர்ப்பு, தூதரகப் பதிவு, குழந்தையின் பாஸ்போர்ட் எல்லாம். சூஜோ இருக்கும் ஜியாங்சு மாநிலம் ஷாங்காயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது, வேக ரயிலில் அரைமணிப் பயணம். பாஸ்போர்ட் தாமதமானால் 60-வது நாள்வரை உட்கார்ந்திராதே; விண்ணப்பித்த ரசீதோடு முன்னதாகவே குடிவரவு அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடு. அனுமதி முத்திரைக்காகப் பாஸ்போர்ட் இரண்டு வாரம்வரை அவர்களிடம் இருக்கும், அதற்குள் ஊருக்கு டிக்கெட் போடாதே.

இதில் சத்தமில்லாமல் கவிழ்ப்பது ஒன்று: உங்கள் இருவரின் குடியிருப்பு அனுமதியும் பிரசவ மாதத்தில் முடிந்தால், சான்றிதழ் வாங்கவேண்டிய நேரத்தில், புதுப்பிக்கக் கொடுத்த உங்கள் பாஸ்போர்ட் குடிவரவுப் போலீஸிடம் இருக்கும். முடியும் தேதியை இன்றே பார்த்துவிடு.

தடுப்பூசிப் புத்தகமும் ஊரிலிருந்து மாறுபடும். பிறந்ததும் காசநோய் ஊசியும், 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி ஊசியும் போடுவார்கள். ஊரில் ஆறாவது வாரம் தொடங்குபவை இங்கே இரண்டாம் மாதம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: ஜாதகம் எழுத அம்மா நேரம் கேட்பார். சீனா முழுக்க ஒரே நேரம், இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே விடிகாலை 2 மணிக்குப் பிறந்தால் ஊரில் முந்தின நாள் இரவு 11.30. மாற்றிச் சொல்லாதே. இங்கத்திய தேதி, இங்கத்திய நேரம், கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால் என்ற குறிப்பு, சூஜோவின் இடம் (வடக்கு 31.3, கிழக்கு 120.6) ஆகியவற்றை அப்படியே கொடு; ஜோசியர் கணக்குப் போட்டுக்கொள்வார். நட்சத்திர எழுத்தை அவர் சொல்வதற்குள் ஆஸ்பத்திரி பெயர் கேட்டுவிட்டால், அந்த எழுத்து வீட்டுக்கூப்பிடு பெயருக்கு ஆகட்டும்.